ஐந்தாம் மாதம்

சுங்கை கெலாடி தோட்டம்,
ஜாசின்.
12-8-1951

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை ஜெயமணி எழுதிக்கொள்வது. நானும் அவரும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். மாமாவின் இருமல் விட்டதா, உன் கால்வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

அக்கா, எனக்கு நாலாம் மாதம் பிறந்திருக்கிறது. இங்கே யாருக்கும் தெரியாது. அவருக்கே போன வாரம்தான் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய் விறகு பிளக்க ஆரம்பித்தார். முதல் தடவை சொன்னபோது ஜாசின் வரை நடந்து போய் ஜிலேபி வாங்கி வந்த மனிதர். இரண்டாம் தடவை ஜிலேபி இல்லை, சிரிப்பாவது இருந்தது. இது மூன்றாவது.

முதலாவது ஐந்தாம் மாதத்தில் போனது. இரண்டாவதும் அதே ஐந்தாம் மாதத்தில், ஏழெட்டு நாள் முன்னே பின்னே. அந்த மாதம் எப்போது பிறக்கும் என்று தினமும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

எங்களைப் பழைய லயத்திலிருந்து கிளப்பி ஆபீசுக்குப் பக்கத்தில் முள்கம்பி வேலிக்குள் குடிவைத்து ஒரு மாதமாகிறது. காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் அரிசி கொடுத்துவிடுவோம் என்று சர்க்காருக்குப் பயம். மாலை ஆறு மணிக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது ஒரு ரொட்டித் துண்டைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. மத்தியானம் வரை வெறும் வயிறு.

நீ ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் ஆயாவாக இருப்பவள். எத்தனையோ பேரைப் பார்த்திருப்பாய். தங்காத பிள்ளையைத் தங்கவைக்க வழி உண்டா? அம்மா போனதிலிருந்து நீதான் எனக்கு அம்மா. உன்னைவிட்டால் யாரிடம் கேட்பேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜெயமணி

~

தெங்கேரா,
மலாக்கா.
19-8-1951

ஜெயாவுக்கு அக்கா பெத்தம்மாளின் ஆசீர்வாதம். மாப்பிள்ளை அப்புசாமிக்கும் சொல். இங்கே மாமாவுக்கு இருமல் நின்றுவிட்டது. எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டே வார்டுக்குப் போனேன். வேலை நடுவில் இரண்டு தடவை எடுத்துப் படித்தேன்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பால் வாளியைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் தூக்காதே. எட்டிக் கொடியில் துணி போடாதே. வாசலைத் தாண்டுமுன் வயிறு நிறையக் கஞ்சி குடித்துவிட்டுப் போ. பயந்துகொண்டே இருந்தால் தூக்கம் போய்விடும். தூக்கம் முக்கியம். எங்கள் வார்டில் மஸ்ஜித் தானாவிலிருந்து வந்த மலாய்க்காரி ஒருத்தி மூன்று இழந்து நாலாவதைப் பெற்றுக்கொண்டு போன மாதம்தான் வீட்டுக்குப் போனாள். பொய்யில்லை, அவள் தூக்குப்பையைத் தூக்கிக்கொண்டு வண்டி வரை போனவள் நான்தான்.

ஓடி வந்து உன் பக்கத்தில் இருக்க ஆசைதான். இப்போது முடியாது. காரணம் கேட்காதே. இன்னொரு விஷயமும் எழுத நினைத்தேன். அதற்கு இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

எது நடந்தாலும் மறைக்காமல் எழுது.

உன் அக்கா,
பெத்தம்மாள்

~

சுங்கை கெலாடி தோட்டம்
9-9-1951

அக்காவுக்கு,

மறைக்காதே என்றாய். அதனால் எழுதுகிறேன். நீங்கள் இருவரும் சுகம்தானே? நான் சுகமில்லை.

வியாழக்கிழமை விடியற்காலை வாசலில் சோதனை. பெண்களைத் தடவிப் பார்க்க ஒருத்தியை வைத்திருக்கிறார்கள். என் வயிற்றில் கை வைத்து, "இது என்னடி? அரிசி கட்டியிருக்கியா?" என்றாள்.

"வயித்துல புள்ள இருக்குங்க" என்றேன்.

"எல்லாரும் இதையேதான் சொல்றாளுங்க" என்று இரண்டு கையாலும் அழுத்தினாள். வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேலைக்குள் கை விட்டுப் பார்த்த பிறகுதான் விட்டாள்.

மறுநாள் சேலையில் குங்குமப் பொட்டளவு சிவப்பு. சனிக்கிழமையும் இருந்தது. அடிவயிற்றில் இழுக்கிறது. இரண்டு தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது அக்கா. உனக்குத் தெரியும்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசர் நவரட்ணம் ஐயாவிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். "பிள்ளை, நீர் இரண்டு கிழமை எழும்பாமல் கிடக்க வேணும். நான் துண்டு எழுதித் தாறன்" என்று இரண்டு வாரத்துக்கு எழுதித் தந்தார். அந்தத் துண்டை எங்களை வேலை வாங்குகிற மண்டோர் கந்தசாமி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "எல்லாப் பொம்பளையும் படுத்துக்கிட்டா மரத்த யாரு வெட்றது? பேர எடுத்துட்டா வேலிக்குள்ள உனக்கு இடம் இல்ல, பாத்துக்கோ" என்றார்.

உன் மாப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றார். வாய் திறக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். போன மாதம் எதிர்த்துப் பேசின ஒருவரை இரண்டு நாள் போலீஸில் உட்கார வைத்துவிட்டார்கள். என் மர நிரையில் பாதியை அவரே வெட்டுகிறார். என் வாளியையும் அவரே தூக்குகிறார்.

நான் படுக்கவில்லை. படுக்க விடவில்லை. என்ன செய்ய?

ஜெயமணி

~

தெங்கேரா
12-9-1951

ஜெயா,

நலம் விசாரித்து எழுத நேரமில்லை. தபால் எடுக்க ஆள் வந்துவிடுவார்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ஜாசினிலிருந்து தோட்டத்து லாரி கிடைக்குமாமே, மாப்பிள்ளையைச் சொல்லிவைக்கச் சொல். மாமா போகக்கூடாது என்கிறார். வழியில் சடக்கு சரியில்லை, காட்டில் இருக்கிறவர்கள் பஸ்ஸைக் கொளுத்துகிறார்கள் என்கிறார். அவர் சொல்வது தப்பில்லை. ஆனால் உனக்காக அங்கே பேச ஒரு ஆள் வேண்டும்.

நான் வரும்வரை சுருண்டு படு. யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதே.

அக்கா

~

சுங்கை கெலாடி தோட்டம்
23-9-1951

என் அம்மாவுக்குச் சமமான அக்காவுக்கு,

நீ பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தாயா? திங்கட்கிழமை போனவள், ஒரு வரியும் இல்லை. மாமா கோபித்துக்கொண்டாரா?

முதலில் நல்ல சேதி. சிவப்பு நின்றுவிட்டது. இன்றோடு ஐந்து நாள்.

பிள்ளைக் கொட்டகையில் என்னைப் போட்டுவிட்டார்கள். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலை. தோட்டத்தில் எல்லாரும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். திங்கட்கிழமை பெரட்டில் ஆள்கணக்கு எடுக்கிற நேரத்தில், அத்தனை பேருக்கு முன்னால் நீ மண்டோரிடம் போய் நின்றதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"டிரெசர் எழுதின துண்ட எடுங்க. உங்க பைக்குள்ள என்ன வேல அதுக்கு?"

"யாரும்மா நீங்க?"

"நான் அவ அம்மா. இந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா துரை பங்களா வாசல்ல வந்து உக்காருவேன். ஆஸ்பத்திரி டாக்டர் கையால எழுதி வாங்கிட்டு வந்து உக்காருவேன்."

கந்தசாமி துண்டை எடுத்து ஆபீஸ் கிராணியிடம் கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நீ இருந்த இரண்டு நாளும் என்னை ஒரு குவளை தூக்க விடவில்லை. குழாயிலிருந்து வீடு வரை தண்ணீர் சுமந்தாய். என் அழுக்கையெல்லாம் துவைத்தாய். வரும்போதே களைத்துத்தான் வந்தாய். வழியில் சோதனைக்கு இறக்கி இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார்களாம். பிறகு செம்மண் சடக்கில் ஆறு மைல் லாரி. திரும்பும்போதும் பால் டின்களுக்கு நடுவே உட்கார்ந்து, பள்ளத்துக்குப் பள்ளம் இரண்டு கையையும் ஊன்றி எழும்பிக்கொண்டே போனாய். லாரி திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ கொஞ்சம் பெருத்துத்தான் போயிருக்கிறாய். பட்டணத்துச் சாப்பாடு என்று நான் கேலி செய்ததற்குக் கோபமில்லையே? நீயும் சிரித்தாய்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பிள்ளை எப்போது அசையும்? இன்னும் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே கல் மாதிரி இருக்கிறது. உடனே பதில் போடு.

ஜெயமணி

~

தெங்கேரா
8-10-1951

ஜெயாவுக்கு,

கடிதம் வந்தது. இங்கே கொஞ்சம் காய்ச்சல். வேறு ஒன்றுமில்லை. எழுத்து கோணலாக இருக்கும்.

சிவப்பு நின்றது நல்லது. அசைவு சிலருக்கு ஐந்தாம் மாதம் முடிந்துதான் தெரியும். தினமும் தொட்டுத் தொட்டுப் பார்க்காதே.

மாமா கோபமாக இல்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

பெத்தம்மாள்

~

சுங்கை கெலாடி தோட்டம்
14-10-1951

அன்பு அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டதா? வெந்நீரில் குளி, வார்டு ஈரத்தில் வெறுங்காலோடு நிற்காதே. இப்போது நான் உனக்குச் சொல்கிறேன் பார்!

அக்கா, அசைந்தது! வெள்ளிக்கிழமை கொட்டகையில் ஒரு குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து யாரோ விரலால் சுண்டின மாதிரி இருந்தது. வாயுதான் என்று நினைத்தேன். திரும்பவும் சுண்டியது. மடியில் இருந்த குழந்தையைப் பாயில் போட்டுவிட்டு அழுதேன். பக்கத்தில் இருந்த மாரியம்மா பயந்துபோய், "என்னாடி ஆச்சு, போயிருச்சா?" என்று ஓடி வந்தாள்.

அவரிடம் சொன்னேன். வயிற்றில் கையை வைத்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. எடுக்கவும் மனசில்லாமல் அப்படியே இருந்தார்.

போன இரண்டும் இந்த நாளைத் தாண்டவில்லை. இது தாண்டிவிட்டது. நீ வந்ததால்தான் தாண்டியது.

ஒரே ஒரு ஆசை. எட்டாம் மாதம் பிறந்ததும் தெங்கேராவுக்கு வந்து உன்னோடு இருந்து, உன் ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொள்கிறேன். இங்கே இருட்டின பிறகு வலி எடுத்தால் வாசலைத் திறக்க ஆள் தேட வேண்டும். சரி என்று ஒரு வார்த்தை எழுது. தீபாவளிக்குள் எழுது.

ஜெயமணி

~

சுங்கை கெலாடி தோட்டம்
4-11-1951

அக்காவுக்கு,

நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சுகமில்லாவிட்டால் எழுதியிருப்பீர்கள்.

தீபாவளி போய் ஐந்து நாள் ஆகிறது. என் பிள்ளை அசைந்தது என்று எழுதினேன். "சந்தோஷம்" என்ற ஒரு வார்த்தைக்கு உனக்கு வழியில்லையா? தெங்கேராவுக்கு வருகிறேன் என்றேன். அதுதான் உன் வாயை அடைத்துவிட்டதா? தோட்டத்துத் தங்கை வந்து ஒண்டிக்கொள்வாள் என்று மாமா யோசிக்கிறாரா, நீயே யோசிக்கிறாயா?

ராவெல்லாம் விழித்துக் கிடக்கிறேன். அரை நாள் அசையாவிட்டால் உயிர் போய்த் திரும்புகிறது. கேட்க ஆளில்லை. ஒரு தடவை வந்து மண்டோரைச் சத்தம் போட்டுவிட்டால் கடமை முடிந்ததா?

உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. வயிற்றில் ஒன்று இருந்து தெரிந்தால்தானே! ஒரு பிள்ளை பெறாத உனக்கு என் பயம் எங்கே தெரியப்போகிறது.

இனி நான் எழுதவில்லை.

ஜெயமணி

~

தெங்கேரா
10-11-1951

ஜெயமணிக்கு,

காளிதாஸ் மாமா எழுதுவது. உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நலம் கேட்டு ஆரம்பிக்க வேண்டும். முடியவில்லை.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அதை மீறித்தான் எழுதுகிறேன்.

உன்னைப் பார்க்கத் தோட்டத்துக்கு வந்தபோது அவளுக்கு ஐந்தாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. ஐந்து தாண்டட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அக்கம்பக்கத்துக்குக்கூடச் சொல்லவில்லை. போகாதே என்று கையைப் பிடித்தேன். "எனக்கு நீங்க இருக்கீங்க. அவளுக்காக அங்க வாய் திறக்க யாரு இருக்கா?" என்றாள்.

திங்கட்கிழமை வந்தாள். இடுப்பு வலிக்கிறது என்றாள். புதன்கிழமை வேலைக்குப் போனாள். அங்கே தரை துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. தான் வேலை பார்க்கிற வார்டிலேயே ஒரு கட்டிலில் படுத்தாள். ஆண் பிள்ளை. துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். நானும் பக்கத்து வீட்டு ராமையாவும் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தோம். பிறகு அவளுக்கு விஷக்காய்ச்சல் கண்டு பதினெட்டு நாள் படுக்கை. உனக்கு வந்த நாலு வரியைப் படுக்கையிலிருந்துதான் எழுதினாள்.

நேற்று உன் கடிதம் வந்தது. கண் எரிகிறது, படியுங்கள் என்றாள். நான் சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன். அந்த வரி வருவது எனக்குத் தெரியாது. பாதியில் நிறுத்திவிட்டேன். "மீதியையும் படிங்க" என்றாள். படித்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. இல்லை என்று எழுத மாட்டேன். நீ தெரியாமல் எழுதினாய் என்பதும் எனக்குத் தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கும் ஏதாவது ஆனால் அவள் தாங்க மாட்டாள்.

காளிதாஸ்

~

சுங்கை கெலாடி தோட்டம்
18-11-1951

அக்கா,

மூன்று தாளைக் கிழித்துப்போட்டேன். இதையாவது அனுப்ப வேண்டும்.

நீ தண்ணீர் சுமந்தாய். நான் படுத்துக்கொண்டு பார்த்தேன். பெருத்துவிட்டாய் என்று சிரித்தேன். லாரியில் கையை ஊன்றி ஊன்றி எழும்பினாய். ஏன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு இழந்தவள் நான். எனக்கே தெரியவில்லை.

ஏன் சொல்லாமல் வந்தாய்? சொல்லியிருந்தால் வராதே என்றிருப்பேன். அப்படி என்றிருப்பேனா? அதையும் இராப்பகலாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அன்றைக்கு இருந்த பயத்தில், வா என்றுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அந்த வரியை எழுதின கையை என்ன செய்வது? மாமா காலில் விழுந்ததாகச் சொல்.

இது இப்போது நன்றாக உதைக்கிறது. உதைக்கும்போதெல்லாம் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. நான் தெங்கேராவுக்கு வரவில்லை. இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு உன் வாசலில் வந்து நிற்க எனக்கு முகமில்லை. இங்கேயே என்ன ஆகிறதோ ஆகட்டும். மாரியம்மா இருக்கிறாள்.

ஜெயமணி

~

தெங்கேரா
2-12-1951

ஜெயாவுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நான் எழுந்து நடக்கிறேன். போன வாரத்திலிருந்து வேலைக்கும் போகிறேன். வேறு வார்டுக்கு மாற்றச் சொல்லலாம் என்றார் மாமா. வேண்டாம் என்றேன். எந்த வார்டானாலும் அந்தக் கட்டில் அங்கேதான் இருக்கும்.

மாமா எழுதியது அவர் அனுப்பிய பிறகுதான் எனக்குத் தெரியும். எழுதாமல் இருந்திருக்கலாம்.

நீ கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில். லாரியால் போனதா, தண்ணீர் சுமந்ததால் போனதா, வீட்டிலேயே படுத்திருந்தாலும் போயிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். மாமா லாரி என்கிறார். எனக்கு ஒரு நாள் லாரி என்று தோன்றும், ஒரு நாள் இல்லை என்று தோன்றும். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் உண்டு. எனக்கும் உன் பயம்தான். நீ இரண்டு தடவை ஐந்தாம் மாதத்தில் இழந்ததைப் பார்த்தவள் நான். வாய்விட்டுச் சொன்னால் போய்விடும் என்று பயந்தேன். சொல்லாமலே போனது.

உன் பிள்ளை அசைந்த கடிதத்தை மாமா படிக்க ஆரம்பித்ததும் நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். சந்தோஷப்பட முடியவில்லை. பொறாமைதான். உனக்குப் பதில் எழுதாததற்குக் காய்ச்சல் மட்டும் காரணமில்லை. அந்த வரியை எழுதியதற்காக நீ உன்னைத் தின்றுகொண்டிருக்காதே, உன்னைப் பற்றி நான் நினைத்தது அதைவிட மோசம்.

ஆனால் இதைக் கேள். அங்கே பெறாதே. சாயங்காலம் பூட்டின வாசலுக்குள் மாரியம்மாவை நம்பி நீ படுக்கக் கூடாது. டிரெசரிடம் துண்டு வாங்கு. தை பிறப்பதற்கு முன் வந்துவிடு. நர்சம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மாப்பிள்ளை கொண்டுவந்து விடட்டும்.

உன் பிள்ளை பிறந்தால் என்னால் தூக்க முடியாமல் போகலாம். பார்க்காமலே இருந்தாலும் இருப்பேன். ஏன் என்று கேட்காதே, தூக்கு என்று சொல்லாதே. உனக்குக் கஞ்சி வைப்பேன், துணி துவைப்பேன். அதற்குமேல் எதிர்பார்க்காமல் வா.

பெத்தம்மாள்

~

தெங்கேரா
20-4-1952

ஜெயாவுக்கு,

நீயும் குழந்தையும் தோட்டம் வந்து சேர்ந்துவிட்டதாக மாப்பிள்ளை எழுதிய தபால் கார்டு வந்தது. பால் போதுமான அளவு ஊறுகிறதா? செர்காம் ஊர் மீன்காரரை உங்கள் பக்கம் வர விடுகிறார்களா? விட்டால் சுறா வாங்கிப் புட்டு செய்து சாப்பிடு.

நீ இங்கே இருந்தபோது பேச முடியாததை எழுதுகிறேன். மாசி மாதம் உன் மகள் பிறந்த அன்று நான் வார்டில் இருந்தேன். உன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் அழுததும் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டேன். நீ கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் நாற்பத்தைந்து நாள் ஒரே கூரைக்குள் இருந்தோம். அவள் அழும்போது நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். நீ ஒரு தடவைகூட, "அக்கா, கொஞ்சம் பிடி" என்று சொல்லவில்லை. குளிக்கப் போகும்போதுகூடப் பாயோடு இழுத்துக்கொண்டு போய்க் குளியலறை வாசலில் போட்டுவிட்டுக் குளித்தாய். உன் வைராக்கியம் மாமாவுக்கே பொறுக்கவில்லை. அவர்தான் தூக்கிவைத்துக்கொள்வார். எனக்குத் தெரியாமல் தூக்குவதாக அவருக்கு நினைப்பு.

ஊருக்குப் போகிற அன்று பஸ் நிற்கும் இடத்தில் போலீஸ்காரர் அடையாளக் கார்டு கேட்டாரே. மாப்பிள்ளை இரண்டு கையிலும் மூட்டை வைத்திருந்தார். நீ அவளை என் கையில் வைத்துவிட்டுப் பைக்குள் தேட ஆரம்பித்தாய். "சீக்கிரம்லா" என்று போலீஸ்காரர் இரண்டு தடவை சொன்னார். நீ தேடிக்கொண்டே இருந்தாய். துணியை எடுத்தாய், திரும்ப வைத்தாய், மறுபடி எடுத்தாய். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

கார்டு உன் ரவிக்கைக்குள் இருந்தது ஜெயா. வீட்டில் புறப்படும்போது நீ செருகியதை நான் பார்த்தேன்.

அவள் கனமாக இருந்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்க்காமல், வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டேன். கீழே விடவில்லை. நீ போதும் என்று நினைத்தபோது கார்டை எடுத்தாய். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அவள் என்னிடமே இருந்தாள்.

எனக்கு இனி உண்டா இல்லையா என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆடி மாதம் லீவு கிடைத்தால் அவளைக் கூட்டிக்கொண்டு வா. வந்ததும் என் கையில் கொடு. நான் அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன். நீ கார்டு தேட வேண்டாம்.

உன் அக்கா,
பெத்தம்மாள்